தொடங்கும்போதே அணைந்துவிடும் பழைய மேசைக் கணினி

தொடங்கும்போதே அணைதல் என்பது, பவர் பொத்தானை அழுத்திய பின் இயக்குதளம் முழுமையாக ஏறி முடிவதற்குள் கணினி தானாகவே நின்றுபோகும் பழுதாகும். பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்ட மேசைக் கணினிகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. மின்வழங்கியின் தளர்ச்சி, செயலியின் மிகைவெப்பம், குறுக்கு மின்சுற்று, சிக்கிக்கொண்ட பொத்தான், பழுதான நினைவகம், சிதைந்த இயக்குதளம் எனக் காரணங்கள் பல. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை அனைத்தும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் பொத்தானை அழுத்தியதிலிருந்து அணையும் வரை எத்தனை விநாடிகள் ஆகின்றன என்பதைக் கவனித்தால், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே காரணத்தைப் பெருமளவு சுருக்கிவிடலாம்.

இக்கட்டுரை 2000களில் வீடுகளில் பயன்பாட்டுக்கு வந்த, பென்டியம் 4 காலத்தையும் அதை அடுத்த காலத்தையும் சேர்ந்த மேசைக் கணினிகளை முதன்மையாகக் கொண்டுள்ளது. இவற்றுள் பெரும்பாலானவை இன்டெல் நிறுவனம் 1995 இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறையைப் பின்பற்றுபவை. அதே வரையறையைப் பின்பற்றும் புதிய மேசைக் கணினிகளுக்கும் இங்குக் கூறப்படும் முறைகளில் பெரும்பகுதி பொருந்தும். மடிக்கணினிகளின் அமைப்பு வேறு.

தரவே முதன்மையானது

பழைய வீட்டுக் கணினி ஒன்றின் விற்பனை விலை மிகக் குறைவாக இருக்கலாம். ஆனால் அதன் வன்தட்டில் வேறெங்கும் படியெடுக்கப்படாத குடும்பப் படங்களும், படிப்புக்கான கோப்புகளும், கணக்குகளும் இருக்கக்கூடும். ஆகவே பழுதறியத் தொடங்கும்போதே கணினியைச் சரிசெய்வதையும் தரவைக் காப்பதையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கணினி மீளாவிட்டாலும் வன்தட்டு நலமாக இருந்தால் தரவு மீளும்.

இதில் அடிக்கடி நேரும் தவறு, காரணம் தெரியாமலே கணினியை ஃபார்மட் செய்வதாகும். விண்டோஸ் முத்திரை திரையில் தோன்றுவதற்கு முன்பே கணினி அணைகிறது என்றால், அந்நேரத்தில் விண்டோஸ் இயங்கத் தொடங்கவே இல்லை. எனவே விண்டோசை அழித்து மீண்டும் நிறுவுவதால் அப்பழுது நீங்காது; கோப்புகள் மட்டுமே அழியும். கணினியைக் கடையில் கொடுப்பவர்கள் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுக்கலாம். அல்லது தரவை அழிக்கக் கூடாது என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மற்றொரு தவறு, 'இந்த முறை ஏறிவிடும்' என்ற நம்பிக்கையில் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது. ஒவ்வொரு முறையும் வன்தட்டு சுழலத் தொடங்கிப் பாதியில் நிற்கிறது. பழைய வன்தட்டுக்கு இது நல்லதல்ல. இரண்டு அல்லது மூன்று முறை கவனித்துக் குறித்துக்கொள்வதே போதுமானது.

கணினி தொடங்கும் முறை

சுவர் இணைப்பில் மின்சாரம் இருக்கும்வரை, அணைந்திருக்கும் ஏ.டி.எக்ஸ். கணினியிலும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டே இருக்கும். முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தை நேரடியாகத் திறப்பதில்லை. தாய்ப்பலகைக்குச் சைகை மட்டுமே தருகிறது. அச்சைகையைப் பெற்ற தாய்ப்பலகை, எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் அழைக்கப்படும் மின்வழங்கியை இயங்கச் சொல்கிறது.

மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்களைத் தரத் தொடங்கி, அவை நிலைபெற்ற பின் 'மின்சாரம் சரி' என்ற சைகையைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. வரையறைப்படி இச்சைகை 100 முதல் 500 மில்லி விநாடி தாமதத்துக்குப் பின் வர வேண்டும். அதன் பிறகே செயலி வேலையைத் தொடங்குகிறது. பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் செயலி, நினைவகம், திரை அட்டை ஆகியவற்றைச் சோதிக்கிறது. சோதனை முடிந்ததும் பல கணினிகள் ஒரு குறும் 'பீப்' ஒலி எழுப்பும். பின்னர் வன்தட்டிலிருந்து இயக்குதளம் ஏறுகிறது.

இந்த வரிசையில் கணினியை அணைக்கும் திறன் கொண்டவை நான்கு.

1. மின்வழங்கியின் பாதுகாப்புச் சுற்று: மின்னோட்டம் மிகும்போதும், குறுக்கு மின்சுற்று நேரும்போதும் அணைக்கும்.
2. செயலியின் வெப்பப் பாதுகாப்பு: வெப்பநிலை எல்லை மீறினால் அணைக்கச் சைகை தரும்.
3. பவர் பொத்தான்: தொடர்ந்து சுமார் 4 விநாடிகள் அழுத்தப்பட்டிருந்தால் கணினி கட்டாயமாக அணையும்.
4. இயக்குதளம்: பிழை நேரும்போது மறுதொடக்கம் செய்யும் அல்லது அணைக்கும்.

இவற்றுள் முதல் மூன்றும் வன்பொருளைச் சார்ந்தவை. கணினி அணைவது பெரும்பாலும் கூடுதல் சேதத்தைத் தடுக்கும் தற்காப்புச் செயலே. அந்தத் தற்காப்பைத் தூண்டியது எது என்று அறிவதே பழுதறிதலாகும்.

அணைதலும் அணைவதுபோல் தோன்றுவதும்

'கணினி ஆஃப் ஆகிறது' என்ற ஒரே சொற்றொடரால் மூன்று வெவ்வேறு நிலைகள் குறிக்கப்படுகின்றன. மின்விசிறி நின்று, விளக்குகளும் அணைந்தால் அது உண்மையான அணைதல். மின்விசிறி சுழன்றுகொண்டே இருக்க, திரை மட்டும் கறுத்துப்போனால் திரை அட்டை, மானிட்டர், அதன் கம்பி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கணினி அணையாமல் மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால் அது மறுதொடக்கச் சுழல். இதற்கு இயக்குதளம், நினைவகம், மின்வழங்கி ஆகிய மூன்றில் எதுவும் காரணமாகலாம்.

நேரத்தைக் கொண்டு காரணம் அறிதல்

கைப்பேசியில் உள்ள நிறுத்துகடிகாரமே இதற்குப் போதும். பொத்தானை அழுத்தும் நொடியில் தொடங்கி, அணையும் நொடியில் நிறுத்த வேண்டும்.

ஒரு விநாடிக்குள்: மின்விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றால் குறுக்கு மின்சுற்று அல்லது மின்வழங்கிப் பழுது என்று ஐயுறலாம். தாய்ப்பலகைக்கு அடியில் விழுந்த திருகாணி, வளைந்த யூ.எஸ்.பி. முனை, பழுதான வன்தட்டு அல்லது திரை அட்டை ஆகியவை வழக்கமான காரணங்கள்.

ஒவ்வொரு முறையும் 4 அல்லது 5 விநாடிகளில்: இடைவெளி மாறாமல் இருந்தால் பவர் பொத்தான் உள்ளே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பொத்தான் வெளியே வராததால், யாரோ அதைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருப்பதாகவே தாய்ப்பலகை புரிந்துகொள்கிறது. செலவே இல்லாமல் நீங்கும் பழுது இது.

10 விநாடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை: உடனே மீண்டும் தொடங்கும்போது முன்னைவிட விரைவாக அணைந்து, அரை மணி நேரம் ஆறவிட்ட பின் கூடுதல் நேரம் ஓடினால் காரணம் பெரும்பாலும் செயலியின் வெப்பம்.

விண்டோஸ் முத்திரை தோன்றும் கட்டத்தில்: எப்போதும் அதே இடத்தில் நின்றால் இயக்குதளக் கோப்புகள், இயக்கி நிரல்கள், வன்தட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் நினைவகத்தையோ மின்வழங்கியையோ ஐயுறலாம். இக்கட்டத்தில் செயலியும் வன்தட்டும் ஒருசேர உழைப்பதால் தளர்ந்த மின்வழங்கி சுமை தாங்காமல் போகலாம்.

பாதுகாப்பு

பெட்டியைத் திறக்கும் முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால் எஞ்சிய மின்சாரம் வடியும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை நீக்க வேண்டும்.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்வழங்கிக்குள் இது நேர்மின்னோட்டமாக மாற்றப்படும்போது ஏறக்குறைய 325 வோல்ட் அளவை எட்டுகிறது. அங்குள்ள பெரிய மின்தேக்கிகள், கம்பியைப் பிடுங்கிய பின்னும் உயிருக்கு ஆபத்தான மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பழுதான மின்வழங்கியை முழுதாக மாற்றுவதே முறை. கருகிய வாடை, புகை, வெடிப்பொலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் கணினியை மறுபடி இயக்கிப் பார்க்கக் கூடாது.

பெட்டியைத் திறக்காமல் செய்யும் சோதனைகள்

முதலில் விசைப்பலகை, சுட்டி, மானிட்டர் தவிர அச்சுப்பொறி, யூ.எஸ்.பி. கருவிகள் முதலிய அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். யூ.எஸ்.பி. துளைகளுக்குள் முனைகள் வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று விளக்கொளியில் பார்க்க வேண்டும். சில தாய்ப்பலகைகள் யூ.எஸ்.பி. மின்னோட்டம் மிகுந்துவிட்டதென்றும் 15 விநாடிகளில் கணினி அணையும் என்றும் திரையிலேயே எச்சரிக்கும்.

அடுத்து யூ.பி.எஸ்., நீட்டிப்புப் பெட்டி ஆகியவற்றை விலக்கி, கணினியை நேரடியாகச் சுவர் இணைப்பில் செருக வேண்டும். மின்கலம் செத்துப்போன யூ.பி.எஸ்., சுமை ஏறும் நேரத்தில் தானே நின்று, கணினி பழுதானதுபோல் தோற்றம் தரலாம். மின்கம்பியின் முனை தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்து, இயன்றால் வேறொரு கம்பியால் முயல வேண்டும். மின்வழங்கியின் பின்புறம் 115, 230 என்று குறிக்கப்பட்ட சிறு சிவப்பு விசை இருந்தால் அது 230 இல் இருக்க வேண்டும். 230 வோல்ட் நாடுகளில் அதை 115க்கு மாற்றினால் மின்வழங்கி எரிந்துவிடும்.

பெட்டிக்குள் பார்க்க வேண்டியவை

தூசு: வெப்ப உறிஞ்சியின் தகடுகளுக்கு இடையே தூசு கம்பளம்போல் படிந்திருந்தால் காற்று புகாது. மென்மையான தூரிகை கொண்டோ காற்றூதி கொண்டோ அதை நீக்கலாம். ஊதும்போது மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மின்தேக்கிகள்: தாய்ப்பலகையில் செயலியைச் சுற்றிச் சிறு உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ அவை கெட்டுவிட்டன. 1990களின் இறுதியிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை வெளியான பல தாய்ப்பலகைகளிலும் மின்வழங்கிகளிலும் குறைபாடுள்ள மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கிகள் இருந்தன. அவை எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே உப்பிக் கெட்டன. இந்நிகழ்வு 'மின்தேக்கிக் கொள்ளைநோய்' என்ற பெயரால் அறியப்படுகிறது. அக்காலக் கணினியொன்று தொடக்கத்தில் அணைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. பற்றவைப்பு அறிந்தவர்கள் இவற்றை மாற்றித் தாய்ப்பலகையை மீட்டதுண்டு.

இணைப்புகள்: தாய்ப்பலகையில் 20 அல்லது 24 முனைகள் கொண்ட பெரிய மின்னிணைப்பும், செயலிக்கு அருகே 12 வோல்ட் தரும் 4 முனை இணைப்பும் இருக்கும். இரண்டாவது இணைப்பு பென்டியம் 4 காலத்தில் வந்தது. அது கழன்றிருந்தால் மின்விசிறிகள் சுழன்றாலும் செயலி இயங்காது. இரண்டையும் கழற்றி அழுத்தமாக மீண்டும் செருக வேண்டும். கறுத்தோ உருகியோ இருந்தால் அதுவே பழுதின் இடமாகலாம்.

பவர் பொத்தான்: பொத்தானிலிருந்து வரும் இரு கம்பிகளைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றிவிட்டு, அவ்விரு முனைகளையும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் கணினி தொடங்கும். அதன்பின் அணையாமல் ஓடினால் பொத்தானே பழுது. ரீசெட் பொத்தானின் கம்பிகளை அந்த இடத்தில் செருகி, ரீசெட் பொத்தானையே பவர் பொத்தானாகப் பயன்படுத்தலாம்.

நேரங்காட்டி மின்கலம்: தாய்ப்பலகையில் நாணயம்போல் இருக்கும் சி.ஆர்.2032 மின்கலம் 3 வோல்ட் தருகிறது. அது தீர்ந்தால் தேதியும் பயாஸ் அமைப்புகளும் மறந்துபோகும். பொதுவாக இது மட்டுமே கணினி அணைவதற்குக் காரணமாவதில்லை. எனினும் சில ஆண்டுகளாக மாற்றப்படாமல் இருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

குறைத்துப் பார்க்கும் முறை

காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது, பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிப் பார்ப்பது பணத்தை வீணாக்கும். இருப்பவற்றைக் கழற்றிக் குறைத்துப் பார்ப்பதற்குச் செலவில்லை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் செருகும்போதும் மின்கம்பியைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

1. வன்தட்டு, குறுந்தட்டு இயக்கி ஆகியவற்றின் மின்னிணைப்புகளைக் கழற்ற வேண்டும். சுழலத் தொடங்கும் கணத்தில் 3.5 அங்குல வன்தட்டு 12 வோல்ட் தடத்தில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். தளர்ந்த மின்வழங்கி அந்தக் கணத்தில் விழுந்துவிடலாம். வன்தட்டைக் கழற்றிய பின் அணைதல் நின்றால், பழுது வன்தட்டிலோ மின்வழங்கியிலோ இருக்கிறது.
2. கூடுதல் அட்டைகளை எடுக்க வேண்டும். தாய்ப்பலகையிலேயே திரை இணைப்பு இருந்தால் திரை அட்டையையும் எடுக்கலாம்.
3. நினைவகத் தகடுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுக்க வேண்டும். பின் தகட்டையும் துளையையும் மாற்றி மாற்றிச் சோதிக்கலாம். தகட்டின் பொன்னிற முனைகளில் கறை படிந்திருந்தால் பென்சில் அழிப்பானால் மென்மையாகத் தேய்த்துத் துடைக்கலாம். அழிப்பான் துகள்கள் தாய்ப்பலகையில் விழக் கூடாது.
4. நினைவகம் முழுவதையும் எடுத்துவிட்டு இயக்கினால், ஒலிப்பான் உள்ள கணினி தொடர்ந்து பீப் ஒலி எழுப்பி முறையிடும். அப்படி முறையிட்டால் செயலியும் தாய்ப்பலகையும் அந்த அளவுக்கேனும் உயிருடன் இருக்கின்றன. பீப் ஒலிகளின் பொருள் பயாசுக்குப் பயாஸ் வேறுபடும்.
5. கடைசியாகத் தாய்ப்பலகையைப் பெட்டியிலிருந்து கழற்றி, அட்டைப்பெட்டி போன்ற மின்கடத்தாப் பொருளின்மேல் வைத்துச் சோதிக்கலாம். வெளியே சரியாக இயங்கினால் பெட்டிக்குள் எங்கோ உலோகம் பலகையைத் தொடுகிறது.

எந்தப் பாகத்தை எடுத்ததும் அணைதல் நிற்கிறதோ, அந்தப் பாகத்தை மீண்டும் செருகிப் பழுது திரும்புகிறதா என்று பார்த்த பின்பே முடிவுக்கு வர வேண்டும். கழற்றிச் செருகியதிலேயே தளர்ந்த இணைப்பு ஒன்று சரியாகியிருக்கவும் கூடும்.

மின்வழங்கியைச் சோதித்தல்

மல்டிமீட்டர் இருந்தால் இயங்கும் கணினியில் மின்னழுத்தங்களை அளக்கலாம். மீட்டரின் கருப்பு முனையைக் கருப்புக் கம்பியிலும், சிவப்பு முனையை அளக்க வேண்டிய கம்பியிலும் வைக்க வேண்டும். மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், ஊதா 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம். இவை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அதாவது 12 வோல்ட் தடம் 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், 5 வோல்ட் தடம் 4.75க்கும் 5.25க்கும் இடையிலும் இருக்க வேண்டும்.

பெரிய இணைப்பைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றி, அதிலுள்ள பச்சைக் கம்பியையும் ஏதேனும் ஒரு கருப்புக் கம்பியையும் சிறு கம்பித் துண்டால் இணைத்தால் மின்வழங்கி தனியே இயங்கும். இச்சோதனையில் விசிறி சுழலவில்லை என்றால் மின்வழங்கி கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். சுழன்றால் அது நலம் என்று முடிவு செய்ய இயலாது. சுமை இல்லாமல் சுழலும் மின்வழங்கி, சுமை ஏறியதும் விழலாம். வேறொரு கணினியிலிருந்து நல்ல மின்வழங்கியை இரவலாகப் பெற்றுச் செருகிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

வெப்பத்தைச் சோதித்தல்

பயாஸ் திரையில் வன்பொருள் நிலையைக் காட்டும் பகுதியில் செயலியின் வெப்பநிலையும் விசிறியின் வேகமும் தெரியும். அத்திரையைத் திறந்து வைத்துக் கவனிக்கும்போது, வெப்பநிலை நிலைபெறாமல் 80, 90 பாகை செல்சியசைத் தாண்டி ஏறிக்கொண்டே சென்று கணினி அணைந்தால் காரணம் உறுதியாகிறது.

வெப்பம் வெளியேறாததற்கு மூன்று பொதுக் காரணங்கள் உள்ளன. விசிறி நின்றிருக்கலாம். செயலிக்கும் வெப்ப உறிஞ்சிக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். வெப்ப உறிஞ்சி செயலியின்மேல் சரியாக அமராமல் இருக்கலாம். 2004 இல் இன்டெல் அறிமுகப்படுத்திய எல்.ஜி.ஏ.775 வகைத் தாய்ப்பலகைகளில் வெப்ப உறிஞ்சியை நான்கு நெகிழி ஆணிகள் பிடித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று முறிந்தாலோ கழன்றாலோ உறிஞ்சி ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். விசிறி வேகமாகச் சுழன்றாலும் செயலியின் வெப்பம் உறிஞ்சிக்கு ஏறாது. கணினி சிறிது நேரத்தில் அணைந்துவிடும்.

காய்ந்த பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு, பயறு அளவு புதிய பேஸ்டைச் செயலியின் நடுவே வைத்து உறிஞ்சியை நேராக அழுத்தினால் போதும். பழைய பேஸ்ட் இறுகியிருந்தால் உறிஞ்சியை வெடுக்கெனப் பிடுங்கக் கூடாது. மெல்லத் திருகித் தளர்த்தி எடுக்க வேண்டும். இல்லையெனில் சில வகைகளில் செயலியும் துளையிலிருந்து பிய்ந்து வந்து அதன் ஊசிகள் வளைந்துவிடும்.

இயக்குதளம் சார்ந்த காரணங்கள்

பயாஸ் திரையிலேயே கணினியை அரை மணி நேரம் விட்டுவைத்தும் அணையவில்லை, விண்டோஸ் ஏறும்போது மட்டும் அணைகிறது என்றால் மென்பொருளையும் வன்தட்டையும் பார்க்கலாம். விண்டோஸ் எக்ஸ்பியில் கடும்பிழை நேர்ந்தால் நீலத்திரை தோன்றி, படிப்பதற்குள் கணினி மறுதொடக்கம் ஆகிவிடும். தொடக்கத்தில் எஃப்8 விசையை அழுத்தி, பிழையின்போது தானாக மறுதொடங்குவதை நிறுத்தும் தெரிவைத் தேர்ந்தால் நீலத்திரை நிலைத்து நிற்கும். அதிலுள்ள பிழைக் குறி 7பி என்று முடிந்தால் தொடக்க வன்தட்டை விண்டோசால் அணுக முடியவில்லை என்று பொருள். அதே எஃப்8 பட்டியலில் உள்ள சேஃப் மோடில் கணினி நன்கு ஏறினால், அண்மையில் நிறுவப்பட்ட இயக்கி நிரல் ஒன்று காரணமாக இருக்கலாம்.

தீநிரலாலும் கணினி அணையலாம். 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்னும் புழு நிரல், விண்டோஸ் 2000, எக்ஸ்பி கணினிகளைத் தாக்கியது. பாதிக்கப்பட்ட எக்ஸ்பி கணினிகள் இணையத்தில் இணைந்ததும் ஒரு நிமிட எண்ணிக்கையைக் காட்டி மறுதொடக்கமாயின. எனினும் முன்னறிவிப்பு ஏதுமின்றி மின்சாரம் சட்டென அறுந்ததுபோல் அணையும் கணினியில் நச்சுநிரலைத் தேடுவது வீண்வேலை.

நினைவகத்தைச் சோதிக்க, இயக்குதளம் இல்லாமலே இயங்கும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரல் பயன்படுகிறது. ஒரு முழுச் சுற்றில் ஒரு பிழை தெரிந்தாலும் அந்தத் தகட்டை நம்ப இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு

எல்.ஜி.ஏ.775 வகைக் கணினியொன்று ஒரு முறை 50 விநாடிகளிலும், உடனே மறுமுறை 20 விநாடிகளிலும், மூன்றாம் முறை 12 விநாடிகளிலும் அணைவதாகக் கொள்வோம். இடைவெளி மாறுவதால் பொத்தான் காரணமல்ல. ஒரு விநாடிக்கு மேல் ஓடுவதால் நேரடிக் குறுக்கு மின்சுற்று இருக்க வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு முறையும் நேரம் குறைவது வெப்பத்தைச் சுட்டுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்ட பின் மீண்டும் 50 விநாடிகள் ஓடினால் ஐயம் வலுக்கிறது. பெட்டியைத் திறந்து உறிஞ்சியை விரலால் அசைத்துப் பார்க்கும்போது அது ஒரு மூலையில் ஆடினால், கழன்ற ஆணி கண்டறியப்படுகிறது. இதற்குப் புதிய மின்வழங்கியோ தாய்ப்பலகையோ தேவையில்லை. ஆணியும் சிறிதளவு தெர்மல் பேஸ்டும் போதும். கோப்புகளுக்கும் இப்பழுதுக்கும் தொடர்பே இல்லை என்பதால் ஃபார்மட் செய்யவும் வேண்டியதில்லை.

தரவை மீட்டல்

காரணம் தாய்ப்பலகையிலோ செயலியிலோ இருந்தால் வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. மாற்றி வழியாக வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் படியெடுக்கலாம். பழைய வன்தட்டுகள் அகன்ற பட்டைக் கம்பி கொண்ட ஐ.டி.இ. வகையாகவும், பிந்தியவை மெல்லிய கம்பி கொண்ட சாட்டா வகையாகவும் இருக்கும். அதற்கேற்ற மாற்றியை வாங்க வேண்டும். 3.5 அங்குல வன்தட்டுக்குத் தனி மின்னிணைப்பும் தேவை. இணைக்கப்பட்ட கணினி, வன்தட்டை ஃபார்மட் செய்யலாமா என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்று சீரான ஒலி கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது உட்பாகங்களின் பழுதைக் காட்டும் ஒலி. மேலும் இயக்கினால் தட்டுகள் கீறலுற்று, தொழில்முறை மீட்பாளர்களாலும் மீட்க இயலாத நிலை ஏற்படலாம்.

சரிசெய்வதா, விட்டுவிடுவதா

பொத்தான், தூசு, தெர்மல் பேஸ்ட், தளர்ந்த இணைப்பு, நினைவகத் தகடு ஆகிய பழுதுகளைச் சரிசெய்யச் செலவு மிகக் குறைவு. மின்வழங்கியை மாற்றுவதும் பெரும்பாலும் தகும். பொருத்தமான மின்வழங்கி பின்னர் வேறு கணினிக்கும் பயன்படும். தாய்ப்பலகை கெட்டால் அதே வகைப் பலகை புதிதாகக் கிடைப்பது அரிது. அந்நிலையில் தரவை மீட்டுக்கொண்டு கணினியைக் கைவிடுவதே பொருத்தம்.

சரியான பின்னும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும் முடிந்துவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இக்கணினிகளில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் போன்றவற்றைத் திறக்காமல் இருப்பது நல்லது. தட்டச்சு, பாட்டு, பழைய விளையாட்டு ஆகியவற்றுக்கு இணைய இணைப்பின்றிப் பயன்படுத்தலாம். அல்லது பழைய வன்பொருளுக்கென உருவாக்கப்பட்ட இலகுவான லினக்ஸ் வகையொன்றை நிறுவலாம்.

கைவிடப்படும் கணினியைக் குப்பையில் போடக் கூடாது. பழைய தாய்ப்பலகைகளின் பற்றவைப்பில் ஈயம் உள்ளது. இந்தியாவில் 2022 ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி மின்கழிவு, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களைச் சென்றடைய வேண்டும். கணினியைக் கொடுக்கும் முன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். கணினி தொடங்காமல் போனாலும் அதிலுள்ள கோப்புகளைப் பிறர் எளிதாகப் படிக்க முடியும்.